பாயாய்ச் சுருட்டும் வெயில்

பங்குனி மாதத்தில் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் போயிருக்கிறீர்களா? மல்லாட்டை காயும் களத்தில் வெறுங்காலை வைக்க முடியாது. அந்த வெயிலுக்கு விலை உண்டென்றால் அங்கே ஏழையென்று ஒருவர் இருக்க மாட்டார்.

வெயிலை மின்சாரமாக்கும் சிலிக்கன் தகடு 1954-லேயே அமெரிக்காவில், பெல் ஆராய்ச்சிச் சாலையில் பிறந்துவிட்டது. இன்று நம் ஊர் மாடிகளிலும் ஏறியிருக்கிறது. ஆனால் கண்ணாடியும் சட்டமுமாக ஒரே கனம். அதையே பிளாஸ்டிக்கில் செய்து, காலண்டர் போல் அச்சடித்து, பாய் போல் சுருட்டிக் கொடுத்தால் என்ன? இந்த ஆசையின் கதை ருசியானது.

பிளாஸ்டிக்கில் மின்சாரம் ஓடாது என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். 1967-ல் டோக்கியோவில், ஷிராகாவாவின் ஆராய்ச்சிக்கூடத்தில், யாரோ ஒருவர் ரசாயனப் பொருளொன்றை ஆயிரம் மடங்கு அதிகமாகக் கொட்டிவிட்டார். வெள்ளி போல் மின்னும் ஏடு ஒன்று வந்தது. பின்பு மாக்டயார்மிட், ஹீகர் என்ற இருவருடன் சேர்ந்து அதில் அயோடினை ஏற்றினார் ஷிராகாவா; மின்சாரம் ஓடியது. அது 1977. மூவருக்கும் 2000-ல் நோபல் பரிசு. கொட்டியவரைப் பற்றிப் பேச்சே இல்லை, உலக வழக்கம்!

1986-ல் கோடாக் கம்பெனியின் சிங் டாங், கரிமச் சாயங்களை இரண்டு அடுக்காகப் பூசி, விழுந்த ஒளியில் நூற்றில் ஒரு பங்கை மின்சாரமாக்கினார். ஏன் ஒன்றே ஒன்று? ஒளி பட்டதும் இந்தப் பொருள்களில் கிளம்பும் சக்தி ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு தூரம் போவதற்குள் மடிந்துவிடும். அதற்குள் அடுத்த பொருளின் எல்லையைத் தொட்டால்தான் மின்சாரம். ஏட்டை மெல்லியதாக்கினால் ஒளி ஊடுருவிப் போய்விடுகிறது. தடிப்பாக்கினால் சக்தி வழியிலேயே சாகிறது. மூட்டையோடு பத்தடி நடக்க முடியாத ஆளுக்கு ஊர்க்கோடியில் களம் இருந்து என்ன பயன்? 1995-ல் ஹீகர் கூட்டத்தார் களத்தையே கொல்லை முழுக்கப் பரப்பினார்கள். அதாவது, இரண்டு பொருளையும் சாம்பார் சாதமாகப் பிசைந்து பூசினார்கள். எங்கே சக்தி பிறந்தாலும் பக்கத்திலேயே எல்லை. என்னைக் கேட்டால், இந்தக் கதையில் மேதைமை இதுதான்.

இதில் நம் நாட்டு நிழல் ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் லோவெல் நகரத்துப் பேராசிரியராக இருந்த சுகாந்த திரிபாதி 2000-ல் காலமானார். அவருடைய ஆராய்ச்சியைக் கொண்டு மறு வருஷம் சகாக்கள் ஆரம்பித்த கம்பெனிக்கு, ஒரிஸ்ஸாவின் சூரியன் கோயிலை நினைத்து, 'கொனார்கா' என்று பெயர். ஹீகரும் அதில் சேர்ந்தார். சுருட்டக்கூடிய தகடுகளை விற்கவும் விற்றார்கள். 2012-ல் கம்பெனி திவாலாயிற்று. மலிந்துவிட்ட சிலிக்கனோடு போட்டி போட முடியுமா?

ஆனாலும் ஆராய்ச்சி நிற்கவில்லை. 2019-ல் சீனாவில் யிங்பிங் சோ குழுவினர் புதிய மூலக்கூறு ஒன்றைக் கலந்து நூற்றுக்குப் பதினைந்தைத் தாண்டினார்கள். இன்று இருபதை எட்டிவிட்டது. இந்தக் கணக்கெல்லாம் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில், நகத்தளவுத் துண்டில் பார்த்த கணக்கு. எந்த வெயிலை நம்பி இருக்கிறதோ, அந்த வெயிலும் காற்றும் ஈரமுமே இந்த ஏட்டை அரிக்கின்றன. சிலிக்கன் தகட்டுக்கோ இருபத்தைந்து வருஷம் உத்தரவாதம் தருகிறார்கள்.