மலையேறும் ஜீப்பின் ‘டக்’ சத்தம்

பழைய ஜீப்பில் கிளட்சை விடும்போது அடியில் ‘டக்’கென்று ஒரு சத்தம் எழும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் மறுபடியும் எழும். கியர்பாக்ஸுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே எங்கோ தேய்ந்து இடைவெளி விழுந்திருப்பதன் அடையாளம் இது. வைகை அணையிலிருந்து போடிமெட்டு வரை ஓடிய வண்டிகளுக்கு இது தீராத நோய்.

1959 ஜனவரியில் அந்த அணை திறக்கப்பட்டபோது, மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டத் தொடங்கிப் பத்தாண்டு ஆகியிருந்தது. உத்தரபாராவில் அம்பாசிடர் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தது. இரண்டிலும் என்ஜின் முன்னே, வழக்கமான இழுவை பின்னே. நடுவில் புரொப்பல்லர் ஷாஃப்ட், அதன் இரு முனையிலும் கிராஸ் எனப்படும் மூட்டு. இந்த வகை மூட்டை 17-ஆம் நூற்றாண்டிலேயே ராபர்ட் ஹூக் விவரித்தார். மோட்டார் வண்டிக்கு ஏற்றபடி கிளாரன்ஸ் ஸ்பைசர் 1903-இல் காப்புரிமை பெற்றார். சாய்வாக நிற்கும் ஒற்றைக் கிராஸ் ஷாஃப்டை ஒரே சீராகச் சுழற்றாது. மறுமுனைக் கிராஸ்தான் அந்த ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்டும். அதனால்தான் ஷாஃப்டைக் கழற்றிப் பூட்டும்போது அம்புக்குறிகள் நேராகச் சேர வேண்டும். ஸ்ப்லைனில் பல் மாறினால் புதுக் கிராஸ் போட்டும் வண்டி அதிரும்.

போடி, தேவாரம், கம்பம், கூடலூர் பகுதிகளிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குச் செல்பவர்கள் விடியற்காலையில் ஜீப்பில் இடுக்கி மலைக்கு ஏறி, பொழுது சாயும்போது இறங்குவார்கள். போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றத்தில் என்ஜின் சக்கரத்தை இழுக்கிறது. இறக்கத்தில் சக்கரம் என்ஜினைத் தள்ளுகிறது. விசை திசை மாறும் ஒவ்வொரு முறையும் கியர் பற்கள் எதிர்ப்பக்கம் போய் மோதுகின்றன. ஜீப்பின் ஷாஃப்ட் குட்டையானது என்பதால் சாய்வும் கூடுதல். சேறும் மழைநீரும் கிரீஸை அரிக்க, தேய்மானம் விரைகிறது.

பழுது பார்க்கும் முறை எளிது, பொறுமைதான் தேவை. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும். பழைய வில்லிஸ் வகை ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை; டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஷாஃப்டையே பிடிக்கிறது. பிறகு ஒரு கையால் மூட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்து, மறுகையால் ஷாஃப்டை இரு பக்கமும் திருக வேண்டும். இரு கைக்கும் நடுவே ஆட்டம் தெரிந்தால் குற்றம் கிராஸில். கிராஸின் கப் ஓரத்தில் செந்துருத் தூள் படிந்திருந்தால் உள்ளே ஊசி பேரிங் வறண்டுவிட்டது. கிராஸ் இறுக்கமாக இருந்தும் ஷாஃப்ட் சற்றுத் திரும்பித் தட்டி நின்றால், அந்த இடைவெளி பின் அச்சிலுள்ள கிரவுன், பினியன் பற்களில் இருக்கிறது. அங்கே ஓரளவு இடைவெளி எப்போதும் வேண்டும். அது இருப்பதாலேயே ஹவுசிங்கைப் பிரிப்பது வீண் செலவு. பட்டா ஸ்பிரிங்கைக் கட்டும் யூ போல்ட் தளர்ந்தாலும், என்ஜின் மவுண்ட் ரப்பர் கிழிந்தாலும் இதே சத்தம்தான் வரும். அவற்றை முதலில் பார்ப்பதே அறிவுடைமை.

சத்தமின்றி வெட்டி வெட்டி இழுத்தால் கதை வேறு. நின்ற இடத்தில் நியூட்ரலில் ரேஸ் கொடுத்தாலும் திக்கினால் பெட்ரோல் வழியிலோ இக்னிஷன் பாயிண்டிலோ கோளாறு. கிளட்சை விடும் அந்தக் கணத்தில் மட்டும் உதறினால் எண்ணெய் பட்ட கிளட்ச் பிளேட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800 முன்சக்கர இழுவை வண்டி. புரொப்பல்லர் ஷாஃப்டே அதில் இல்லை. ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது வெளி ஜாயிண்டில் வரும் ‘கடக் கடக்’ சத்தமே அதன் நோய்க்குறி. 2014-இல் அம்பாசிடர் தயாரிப்பும் நின்றது. மலையேறும் பழைய ஜீப்புகளின் அடியில் ஷாஃப்ட் இன்னும் சுழல்கிறது. கிரீஸ் கன்னை வைத்து, நான்கு கப்பிலும் பழைய கிரீஸ் வெளியேறிப் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடிப்பதே அதற்கான மருந்து.