பதினெட்டாவது நாள்: மலையகக் கூட்டு ஒப்பந்தமும் தோட்டத் தலைவரின் வாசிப்பும்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிற்சங்கங்களைப் பற்றிய ஆய்வுகளில் சங்கத்தின் தோட்டத் தலைவருக்கு வழக்கமாகத் தரப்படும் இடம் ஒன்றுதான். கொழும்பில் முடிவானதைத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குக் கொண்டுவருபவர், சந்தா விழாமல் பார்த்துக்கொள்பவர், தேர்தல் வந்தால் வாக்குத் திரட்டுபவர். இந்தச் சித்திரம் முழுப் பொய்யல்ல. ஆனால் தோட்டக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் 2013இல் செய்த கூட்டு ஒப்பந்தத்தில் இருந்த வருகைக் கொடுப்பனவு விதியை ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளத்தோடு வைத்துப் படித்தால், வேறொரு தலைவர் தெரிகிறார். அவர் அந்த விதியை வாசித்துப் பொருள் சொன்னவர். அவருடைய வாசிப்பில்தான் பலரின் சம்பளம் தங்கியிருந்தது.

அந்த ஒப்பந்தம் பத்திரிகைகளில் '620 ரூபாய்ச் சம்பளம்' என்றே அறியப்பட்டது. அதில் அடிப்படைச் சம்பளம் 450, விலைப் பங்குக் கொடுப்பனவு 30, வருகைக் கொடுப்பனவு 140. கடைசித் தொகை எல்லோருக்கும் உரியதாக இருக்கவில்லை. வேலை வழங்கப்பட்ட நாட்களில் 75 சதவீதம் வந்தவருக்கே அது கிடைத்தது.

ஒரு மாதத்தில் 24 நாள் வேலை வழங்கப்பட்டதாகக் கொள்வோம். 18 நாள் போனவருக்கு 620 வீதம் 11,160 ரூபாய். 17 நாள் போனவருக்கு 480 வீதம் 8,160 ரூபாய். ஒரே ஒரு நாளுக்கு 3,000 ரூபாய் வித்தியாசம்!

எது அந்த ஒரு நாள் என்பதுதான் சச்சரவு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நாள் பற்றி விவாதிக்க அதிகம் இல்லை. அரைப்பேர் போட்ட நாளில்தான் சிக்கல். காலையில் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) வந்து, மாலைவரை மலையில் நின்று, கேட்ட கிலோ சேராததால் பாதிச் சம்பளம் எழுதப்பட்ட பெண், அன்று 'வந்தவரா', இல்லையா? நிர்வாகம் அரைப்பேரை அரை நாளாக எண்ணினால், அப்படி இரண்டு நாள் சேர்ந்தாலே அவர் ஒரு நாள் பின்தங்கிவிடுவார். தலைவர் ஆபீஸ் வாசலில் வைக்கும் வாதம் எளிமையானது: "ஐயா, கொழுந்து குறைஞ்சதுக்கு அன்னைக்கே சம்பளத்த வெட்டிட்டீங்க. ஆள் வரலன்னு எப்படிச் சொல்ல முடியும்?" விதி பேசுவது வருகையைப் பற்றி, எடையைப் பற்றி அல்ல. ஒரே குறைக்கு இரு முறை வெட்டு விழக்கூடாது என்ற இந்த வாதம் எந்தத் தொழில் நியாய சபையிலும் எடுத்துரைக்கத் தக்க சட்ட வாதம்.

சதவீதக் கணக்கின் மறுபக்கத்திலும் இதே போராட்டம் இருந்தது. மழையால் பாதியில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட நாள், வேலை 'வழங்கப்பட்ட' நாளா? அன்று வராத ஒருவருக்கு அதை வராத நாளாக எழுதலாமா? வறட்சியில் கொழுந்து இல்லாமல் மாதத்துக்கு 12 நாளே வேலை தரப்பட்டால், 9 நாள் வந்தவருக்கும் 140 உரியது. இந்த நுணுக்கம் தெரிந்த தலைவர் இருக்கும் தோட்டத்திலும், தெரியாதவர் இருக்கும் தோட்டத்திலும் ஒரே ஒப்பந்தம் ஒரே சம்பளத்தைத் தந்திருக்க முடியாது. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டப்படி, கூட்டு ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் அதற்குக் கட்டுப்பட்ட ஒவ்வொருவரின் வேலை ஒப்பந்தத்திலும் உள்ளடங்கியவை. ஆகவே தலைவர் அங்கே கேட்டது தோட்டத் துரையின் தயவை அல்ல, எழுதப்பட்ட உரிமையை.

தலைவர்கள் கட்சிக்காரர்கள், தம் சங்கத்து ஆட்களுக்கே பேசுவார்கள் என்ற மறுப்பு உண்டு. அது யாருக்காக வாசித்தார்கள் என்பதைச் சொல்கிறது. வாசிக்கவில்லை என்று காட்டவில்லை.

இந்த வாசிப்பு கம்பனிகளுக்கு எவ்வளவு முக்கியமாகத் தோன்றியது என்பதற்கு நேரடிச் சான்று காட்டுவது கடினம். ஆனாலும் அடுத்து வந்த ஒப்பந்தங்கள் ஒரு திசையைக் காட்டுகின்றன. 2016 அக்டோபரில் ஏற்பட்ட 730 ரூபாய் ஒப்பந்தத்தில் வருகைக் கொடுப்பனவு 60ஆகச் சுருங்கியது. கேட்ட கிலோவைப் பறித்தவருக்குப் புதிதாக 140 ரூபாய் உற்பத்தித்திறன் கொடுப்பனவு வந்தது. 2019இல் அடிப்படைச் சம்பளம் 700 ஆனபோது வருகைக் கொடுப்பனவே போய்விட்டது. இதைச் சம்பளக் கூறுகளின் மறுசீரமைப்பு என்று மட்டும் விளக்குவது போதாது. சச்சரவு, வருகையைப் பதியும் செக்ரோலிலிருந்து கொழுந்து நிறுக்கும் தராசுக்கு நகர்த்தப்பட்டது. செக்ரோலில் வாதாடத் தலைவருக்கு ஒரு விதி இருந்தது. தராசடியில், கூடைக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழிப்பது என்பது நிறுப்பவரின் கையில் இருந்தது.

2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் நாட்சம்பளம் 1,000 ரூபாயானது. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. 18 கிலோ பறித்த இடத்தில் 20 கிலோ கேட்கிறார்கள் என்ற முறைப்பாடு அதன்பின் பரவலாக எழுந்தது. சம்பளத்தை உயர்த்திய தீர்மானம் அந்தத் தொகைக்கு எத்தனை கிலோ என்று வரையறுக்கவில்லை. 1,000 ரூபாயை வெற்றியாக மட்டும் பதிவுசெய்யும் ஆய்வுகள், அதையொட்டித் தலைவரின் கையிலிருந்து பறிபோன ஒப்பந்தத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.