கார்டைக் காவல் காக்கும் வல்லூறு



போன வாரம் பேத்திக்கு ஒரு ஜோடி கம்மல் வாங்கினேன். கார்டைத் தேய்த்துவிட்டுக் கடைப் படியில் இறங்குவதற்குள் வங்கியிலிருந்து போன். "சார், இந்தத் தொகையைச் செலவழித்தது நீங்கள்தானா?" (ஓ.டி.பி. கேட்கவில்லை. கேட்டிருந்தால் உடனே வைத்திருப்பேன்.) நகைக்கடைப் பக்கமே போகாத மனுஷன் நான் என்பது யாருக்கோ தெரிந்திருக்கிறது. நிம்மதியாகவும் இருந்தது, கூச்சமாகவும் இருந்தது. வரலாற்று வாத்தியார் இல்லையா, இது எங்கே தொடங்கியது என்று தேடாமல் தூக்கம் வரவில்லை.

1958 செப்டம்பரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரத்துக்காரர்களுக்கு 60,000 கடன் அட்டைகளைத் தபாலில் அனுப்பியது. யாரும் கேட்கவில்லை. பிறகு மாநிலம் முழுக்க அனுப்பினார்கள். தபால் பெட்டியிலிருந்தே அட்டைகள் திருடு போயின. 4 சதவீதம் பேர் பணம் கட்டாமல் போவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். நடந்தது 22 சதவீதம்.

அன்றைய காவல் எப்படித் தெரியுமா? திருட்டு அட்டை எண்களை அச்சடித்துக் கடைகளுக்கு அனுப்புவார்கள். கடைக்காரர் நம் மதிப்பெண் பட்டியல் மாதிரி விரல் வைத்துத் தேடுவார். குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால்தான் வங்கிக்குப் போன் செய்து கேட்பார். பட்டியல் அச்சாகி வருவதற்குள் திருடன் ஊரையே வாங்கிவிடுவான். ஆனால் நீங்கள் என்ன வாங்கினீர்கள் என்பது, ரசீது போய்ச் சேரும்வரை வங்கிக்கும் தெரியாது. அந்தரங்கத்தை அன்று காப்பாற்றியது சட்டமல்ல, தபாலின் தாமதம்!

1970-இல் அமெரிக்கா இரண்டு விதிகள் கொண்டுவந்தது. கேட்காமல் அட்டை அனுப்பக்கூடாது. அட்டை திருடுபோனால் வாடிக்கையாளரின் பொறுப்பு அதிகபட்சம் 50 டாலர்தான். என் கணிப்பில் திருப்பமே இந்த இரண்டாவது விதிதான். நஷ்டம் வங்கியின் தலையில் விழுந்ததும், நம்மைக் கவனிக்க வங்கிக்குக் காரணம் கிடைத்துவிட்டது. 1973-இல், பின்னாளில் விசா ஆன நிறுவனம் கணினிவழி அனுமதியைத் தொடங்கியது. தாமதம் போயிற்று.

1976-இல் இன்னொரு அடி. கள்ளச் சாராய வழக்கில் சிக்கிய மில்லர் என்பவரின் வங்கிக் கணக்கு விவரங்களை அரசு எடுத்துக்கொண்டது. அவை வங்கியின் ஆவணங்களே தவிர அவருடைய அந்தரங்கம் அல்ல என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். இரண்டாண்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி ஓரளவு பாதுகாப்புத் தந்தது.

1992-இல் சான் டியாகோவின் ஹெச்.என்.சி. நிறுவனம் 'ஃபால்கன்' மென்பொருளைக் கொண்டுவந்தது. ஃபால்கன் என்றால் வல்லூறு. பொருத்தமான பெயர். தொகை, நேரம், ஊர், கடையின் வகை எல்லாவற்றையும் உங்கள் பழைய வழக்கத்தோடு ஒப்பிட்டு 999 வரை மதிப்பெண் போடும். அதிக மார்க் வாங்கினால் சந்தேகம்! (இந்த ஒரு பரீட்சையில் மட்டும் குறைந்த மார்க்தான் நல்லது.) பெட்ரோல் பங்கில் சிறு தொகை, உடனே விலையுயர்ந்த மின்னணுப் பொருள் என்றால் அது திருடனின் நடை. இதைக் கற்க, பல வங்கிகளின் பரிவர்த்தனைகளை ஒன்றாகச் சேர்த்தார்கள்.

நம் ரிசர்வ் வங்கி, இணையத்தில் கார்டு பயன்படுத்த 2009 ஆகஸ்டிலிருந்து கூடுதல் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது. வழக்கத்தைப் பார்த்து ஊகிக்காமல் உரியவரிடமே கேட்கும் முறை. எனக்கு இதுதான் பிடிக்கிறது. ஆனாலும் வல்லூறு இங்கேயும் பறக்கிறது என்பதை அந்த போன் காட்டிவிட்டது.

எனக்கு அந்தக் காவல் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஓய்வூதியப் பணம் ஆயிற்றே. ஆனால் என் மருந்துச் செலவும் கோயில் நன்கொடையும் புத்தக மோகமும் அடங்கிய அந்தக் கோப்பை வேறு யாரெல்லாம் படிக்கிறார்கள், எத்தனை ஆண்டு வைத்திருக்கிறார்கள்? வங்கியில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் நாலைந்து பேர் இங்கே இருக்கிறீர்கள். தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.