தகர வில்லையும் பாஸ்போர்ட்டும்

அரக்கோணத்துக்காரர்களுக்கு ஒரு சின்னக் கர்வம் உண்டு. எங்கள் ஸ்டேஷனில் நின்றால் எந்தத் திக்குக்கும் வழி இருக்கிறது என்பதுதான் அது. அந்த நாளில் கடலுக்கு அப்பாலும் இருந்தது. செங்கற்பட்டுக் கிளை வண்டியில் ஏறி, அங்கே மாறி, தனுஷ்கோடியில் இறங்கினால் ஸ்டீமர் நிற்கும். 22 மைல் கடந்தால் தலைமன்னார், அப்புறம் கொழும்பு.

1914-ல் பாம்பன் பாலம் திறந்தபின், சென்னையில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரை போகலாம். பாஸ்போர்ட்டு, விசா என்ற பேச்சே இல்லை. ஜனங்கள் அதை 'அக்கரை' என்றார்களே தவிர, அயல்நாடாக எண்ணவில்லை.

விதியே இல்லாமல் இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஏழைக்கு எப்போதும் விதி உண்டு. கங்காணி அழைத்துப் போன கூலியாளின் கழுத்தில், தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லை தொங்கும். அதுதான் அவனுக்கு டிக்கெட்டு, அதுதான் அடையாளம். மண்டபம் முகாமில் இறக்கி, நோய் இல்லையென்று தெரியும்வரை சில நாள் தடுத்து வைத்துப் பிறகே கப்பலேற்றுவார்கள். தோட்டத்துரைக்கு வேண்டியது அவன் உடம்பு. ஊரும் பேரும் அல்ல.

ஊரும் பேரும் கேட்கும் காலம் சுதந்திரத்துடன் வந்தது. 1948-ல் இலங்கை இரண்டு சட்டங்கள் செய்தது. ஒன்று குடியுரிமைக்கு, மற்றொன்று குடிவரவு, குடியகல்வுக்கு. யாத்திரை போகிறவன் மனுப் போட்டுக் காகிதம் வாங்கிக்கொண்டான். தலைமுறைகளாகக் கொழுந்து பறித்தவர்கள்தான் திகைத்தார்கள். அப்பன் அங்கே பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே? லயத்து அறையில் பிறந்தவனுக்கு யார் சீட்டு எழுதி வைத்தார்கள்?

1964 அக்டோபரில் சாஸ்திரி - ஸ்ரீமாவோ ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று ஒத்திவைத்தது. அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை விழுங்கிற்று. திரும்பியவர்கள் இராமேசுவரத்தில் இறங்கினார்கள். அவர்களில் பலரை வரவேற்றது எது தெரியுமா? அதே மண்டபம் முகாம்! பாட்டன் தகர வில்லையுடன் போன வழியில், பேரன் இந்தியப் பாஸ்போர்ட்டுடன் வந்தான், பார்த்தே இராத தாய்நாட்டுக்கு. 1983-க்குப் பிறகு அகதிகள் வந்தார்கள். அவர்களையும் அந்த முகாமே ஏற்றது.

2023-ல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு மறுபடி கப்பல் கிளம்பியது. பாஸ்போர்ட்டு உள்ளவன் அன்றே அக்கரை சேரலாம். விசா வாங்குகிற நாம், எத்தனை நாள் தங்கலாம் என்றுதான் முதலில் பார்க்கிறோம். தலைமுறைகளாகத் தங்கியவனையே 'நீ யார்?' என்று கேட்ட விதி ஒன்றும் இருந்தது. அதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்வது நல்லது.