காட்டுப்பன்றிக்கு எந்தத் துப்பாக்கி?

(வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவரின் வானொலி உரை)



போன மல்லாட்டைப் பட்டத்தில் இரும்பையைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். மாமனார் வழியில் அவருக்குச் செஞ்சி மலையடிவாரத்தில் கொஞ்சம் நிலம் உண்டு. அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போது, பன்றிக் கூட்டம் ஒன்று ஒரே ராத்திரியில் அரைக் காணி மல்லாட்டையைக் கிளறித் தின்றுவிட்டுப் போய்விட்டது.

"ஏ.ஓ. சார், பன்றிக்கு எது சரிப்படும்? ரைபிளா, ரெட்டைக்குழலா? எந்த நம்பர் தோட்டா? கடனை வாங்கியாவது ஒண்ணு வாங்கிடறேன்" என்றார்.

"உக்காருங்க ஐயா, இது பழைய கேள்வி" என்றேன். அன்று அவருக்குச் சொன்னதை இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

பன்றிக்கும் குடியானவனுக்கும் உள்ள வழக்கு இன்று நேற்று வந்ததல்ல. சங்க நூலான மலைபடுகடாம் செங்கம் பக்கத்து மலைநாட்டைப் பாடுகிறது. அதாவது நமக்கு அடுத்த சீமை. தினைப்புனத்தில் பன்றி நுழையும் வழிதோறும் பெரிய கல்லை வைத்துப் பொறி அமைத்திருந்தார்கள் என்று அதில் வருகிறது. அதற்கு 'அடார்' என்று பெயர். பரண் மேல் ஏறிக் காவல் காப்பதும், தட்டை தட்டி ஓசை எழுப்புவதும், கவண் கல் எறிவதும் அந்தக் காலத்து முறைகள்.

பிறகு துப்பாக்கி வந்தது. கிராமத்துக்கு வந்து சேர்ந்தது வாய் வழியாகக் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்த கருமருந்தைக் குழலில் போட்டு, துணியோ நாரோ வைத்துக் கம்பியால் இடித்து, மேலே ரவையைப் போடவேண்டும். ஒரு தடவை சுட்டால் மறுபடி கெட்டிக்க நேரமாகும். மருந்து ஈரம் பட்டால் வெடிக்காது. பன்றி வருவதோ மழைக்கால ராத்திரியில்!

1857 கிளர்ச்சி வெள்ளைக்காரனுக்குப் பயத்தைக் கொடுத்தது. லிட்டன் பிரபு காலத்தில், 1878-இல் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் வேண்டும். ஐரோப்பியருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. நம்ம ஆள் பயிரைக் காக்க மனுப் போட்டுக் காத்திருந்தபோது, துரைமார்களுக்குப் பன்றி வேட்டை விளையாட்டாக இருந்தது. குதிரை மேலேறி ஈட்டியால் குத்துவார்கள். மீரட்டில் அதற்கென்றே காதிர் கோப்பை என்று ஒரு போட்டி நடந்தது. சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1883-இல் அதை வென்றவர்.

துப்பாக்கியின் அளவைக்கூட அரசாங்கத்தின் பயம்தான் தீர்மானித்தது. பட்டாளத் தோட்டா வெளி ஆட்கள் கைக்குப் போய்விடக் கூடாது என்று, 1907 வாக்கில் .450 அளவுத் தோட்டாக்களை இந்தியாவுக்குள் வரவிடாமல் தடுத்தார்கள். லண்டன் கம்பெனிகள் .465, .470 என்று புது அளவுகளைக் கொண்டுவந்து விற்றன. பட்டாளத்து .303 பொதுமக்களுக்குக் கிடையாது. அதனால்தான் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த வேட்டை ரைபிள் .315 ஆக அமைந்தது.

இனி பெரியவர் கேட்ட விஷயத்துக்கு வருவோம். ஆண் பன்றியின் தோள் பக்கத்துத் தோல் கேடயம் மாதிரி தடித்தது. பறவைக்குப் போடும் பொடி ரவை அதைக் காயப்படுத்துமே தவிர சாய்க்காது. காயம்பட்ட பன்றி ஆள்மேல் பாயும். அதனால் 12 போரில் எல்.ஜி., எஸ்.ஜி. என்கிற பெரிய ரவைத் தோட்டா, இல்லாவிட்டால் ஒற்றைக் குண்டு போட்டார்கள். 12 போர் என்றால் என்ன? ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ, அதுதான் குழலின் உள்வாய். ஏறக்குறைய பதினெட்டரை மில்லிமீட்டர்.

ரைபிள் குழலுக்குள் திருகு வரி உண்டு. குண்டு சுழன்றுகொண்டே நேராகப் போகும்; குறி தப்பாது, பன்றியை ஒரே அடியில் சாய்க்கும். ஆனால் குறி தப்பினால்? அந்தக் குண்டு ஒரு மைலுக்கு மேல் போகும். நம்ம நிலம் மேசை மாதிரி சமதரை. அடுத்த கொல்லையில் தண்ணி கட்டுகிறவன் இருப்பான், பம்புசெட் கொட்டகையில் படுத்திருப்பவன் இருப்பான்.

ஜெர்மனியில் பன்றிக்குப் பெரும்பாலும் ரைபிள்தான். குண்டு 6.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, 100 மீட்டரில் இவ்வளவு வேகசக்தி மிச்சம் இருக்கவேண்டும் என்று சட்டமே உண்டு. ஆனால் பல இடங்களில் உயரமான பரணில் உட்கார்ந்து கீழ்நோக்கிச் சுடுகிறார்கள். தப்பிய குண்டு மண்ணில் புதையும். நம்ம தினைப்புனத்துப் பரண் நினைவுக்கு வருகிறதல்லவா!

சுதந்திர இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டமும் பயிர்க் காவலுக்கு ரைபிளைச் சொல்லவில்லை. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கி. அது போதாது என்று அதிகாரி கருதினால், வரியில்லாத வேறு துப்பாக்கி என்றது.

அதற்கப்புறம் 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தத்தோடு வேட்டை லைசென்ஸ் முறையே போய்விட்டது. கையில் துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிறது என்பதற்காகப் பன்றியைச் சுடலாம் என்று அர்த்தமில்லை, இரண்டும் வேறு வேறு. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடிக்கவேண்டும். மூன்றுக்கு அப்பால் வனத்துறையினரே சுடுவார்கள். விவசாயி அல்ல.

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ கரண்ட்டு கம்பி இழுத்துடட்டுமா சார்?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டு மின்சாரத்தை வேலியில் விட்டால், ராத்திரி முதலில் மிதிப்பது யார் என்று யாருக்குத் தெரியும்? அவுட்டுக்காயும் அப்படித்தான். பன்றிக்கு வைத்ததை மாடு கடித்தால் வாயே சிதறிப்போகும்.

ஒரு பன்றியைச் சுட்டாலும் கணக்குத் தீராது. பெட்டைப் பன்றி நாலு மாதத்துக்குள் சினை முற்றி, ஒரே ஈற்றில் நாலைந்து குட்டி போடும். அதனால் வழியை மறிப்பதுதான் நிலைத்த காவல். அந்தக் காலத்து அடாரும் பன்றி நுழையும் வழியைப் பார்த்து வைத்ததுதான். அங்கீகரிக்கப்பட்ட சூரிய வேலி விட்டு விட்டு அடிக்கும். அதிர்ச்சி தரும், கொல்லாது. நாலு பேர் சேர்ந்து போட்டால் செலவும் தாங்கும். சேதம் நடந்தால் மறுநாளே வனத்துறைக்கு மனுக் கொடுங்கள்.

பெரியவர் துப்பாக்கி வாங்கவில்லை. அக்கம்பக்கத்து நிலத்துக்காரர் மூன்று பேரோடு மறுபடியும் வந்தார், வேலிக் கணக்குப் போட.