பிதிர்க்கடனும் விண்வெளிப் பயணமும்

ஓடிக்கொண்டிருக்கும் அச்சு இயந்திரத்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் ஒரு பத்திரிகையில் மிகச் சிலருக்கே உண்டு. அவர்களும் அதனைப் பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பயன்படுத்துவர். 1967 ஜனவரி இறுதியில் அமெரிக்காவின் 'லைஃப்' சஞ்சிகையில் அந்த அதிகாரம் பயன்படுத்தப்பட்டது. என்றாவது ஒருநாள் உயிர்ப்பித்துவிடலாம் என்ற எதிர்பார்ப்பில் இறந்த மனிதர் ஒருவரின் உடலை உறையவைத்த செய்தி அவ்விதழில் வெளிவரவிருந்தது. சில பிரதிகள் அச்சாகியும் விட்டன. ஜனவரி 27 ஆம் திகதி, ஏவுதளத்தில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது 'அப்பலோ 1' விண்கலத்தினுள் தீப்பற்றி, கஸ் கிறிஸம், எட் வைட், றொஜர் சஃபி ஆகிய மூன்று விண்வெளி வீரர்களும் மாண்டனர். உறைந்த மனிதரின் செய்தி அகற்றப்பட்டது. விண்வெளி வீரர்களின் செய்தி அவ்விடத்துக்கு வந்தது.

செய்தி ஆசிரியரின் தீர்ப்பு சரியானதே. நானும் அதையே செய்திருப்பேன். ஆனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்ற அந்த இரு செய்திகளும் ஒரே வயிற்றில் பிறந்தவை என்பது அன்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? சாவை வெல்லும் கனவும் வானத்தைக் கடக்கும் கனவும் ஒருவரது சிந்தனையில் ஒன்றாகவே தோன்றின. அவர் அமெரிக்கர் அல்லர், விஞ்ஞானியும் அல்லர். மொஸ்கோவில் வாழ்ந்த ஓர் ஏழை நூலகர்.

நிக்கொலாய் ஃபியோதரொவ் 1829 இல் பிறந்தவர். பாவெல் ககாரின் என்ற பிரபுவுக்குத் திருமணத்துக்குப் புறம்பாகப் பிறந்த பிள்ளை என்பதால் தந்தையின் குடும்பப் பெயர் அவருக்குக் கிடைக்கவில்லை. (1961 இல் முதன்முதலாக விண்வெளிக்குச் சென்ற யூரி ககாரின் ஒரு தச்சரின் மகன், இக்குடும்பத்தோடு தொடர்பற்றவர். ஆயினும் அந்தப் பெயரைக் கேட்கும்போது சற்றுத் திகைப்பு ஏற்படத்தான் செய்கிறது.) மொஸ்கோவின் ருமியான்த்சேவ் அரும்பொருளக நூலகத்தில் அவர் கால்நூற்றாண்டு பணியாற்றினார். சம்பளத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, தேநீரும் பாணும் உண்டு, ஒரு மரப்பெட்டியின் மேல் படுத்துறங்கினார். தம்மைப் படமெடுக்க எவரையும் விட்டதில்லை. டோல்ஸ்டோய் அவரைத் தேடிச் சென்று உரையாடினார். தொஸ்தோயெவ்ஸ்கி அவரது கருத்துகளைச் சீடர் ஒருவர் வழியாக அறிந்து 1878 இல் வியந்து கடிதம் எழுதினார்.

அப்படி என்ன கருத்து? மனிதகுலத்துக்கு ஒரேயொரு பொதுக் கடமைதான் உண்டு. அது இறந்துபோன தந்தையர் அனைவரையும் மீண்டும் உயிர்ப்பிப்பது என்றார் ஃபியோதரொவ். அவர் சமயப் பற்றுள்ள கிறிஸ்தவர். என்றாலும் உயிர்த்தெழுதலை இறைவனின் கையில் விட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது, விஞ்ஞானத்தால் மனிதரே அதனைச் செய்து முடிக்கவேண்டும் என்பது அவரது வாதம். நாம் உண்பதும் நடப்பதும் முன்னோரின் துகள்கள் கலந்த மண்ணில். அத்துகள்களைத் தேடிச் சேர்த்து மகன் தந்தையை எழுப்பவேண்டும். அத்தந்தை தன் தந்தையை எழுப்பவேண்டும். பிதிர்க்கடன் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதன் அடிநாதம் அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. எள்ளும் நீரும் இறைப்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம், அவர் நிறுத்தவில்லை.

அடுத்து எழும் கேள்வி எளியது. எல்லாத் தலைமுறையினரும் எழுந்துவந்தால் இந்தப் பூமியில் இடம் ஏது? அதற்காகத்தான் விண்வெளி என்றார் ஃபியோதரொவ். கோள்களும் விண்மீன்களும் மனிதர் வெறுமனே பார்த்து மகிழ்வதற்கானவை அல்ல; உயிர்த்தெழுந்த முன்னோரைக் குடியமர்த்த வேண்டிய நிலங்கள். விண்வெளிப் பயணத்துக்கு எத்தனையோ நியாயங்கள் சொல்லப்பட்டுள்ளன: போட்டி, அறிவு, கனிவளம், அழிவிலிருந்து தப்புதல். இடநெருக்கடியில் தவிக்கும் பாட்டன்மாருக்குக் காணி தேடுவதற்காக என்று சொன்னவர் இவர் ஒருவரே.

1873 இல், 16 வயதில், காது கேளாத ஓர் இளைஞன் படிப்பதற்காக மொஸ்கோவுக்கு வந்தான். கல்லூரியில் சேர வசதியில்லை. கறுப்புப் பாணையும் தண்ணீரையும் உண்டு, மிஞ்சிய காசில் பரிசோதனைக்கான பொருள்களை வாங்கி, மூன்றாண்டுகள் நூலகத்தில் தானே கற்றான். அங்கே அவனுக்கு நூல்களைத் தேடிக் கொடுத்தவர் ஃபியோதரொவ். அவன் பெயர் கொன்ஸ்தந்தீன் சியோல்கோவ்ஸ்கி. பிற்காலத்தில் றொக்கெட் இயக்கத்தின் அடிப்படைச் சமன்பாட்டை வகுத்தவர். விண்வெளி பற்றி இருவரும் பேசிக்கொண்டார்களா என்பது ஆய்வாளரிடையே இன்றும் தீராத விவாதம். பேசியதற்கு உறுதியான சான்று கிடையாது. சியோல்கோவ்ஸ்கியின் புகழ்பெற்ற விண்வெளிக் கட்டுரை 1903 இல் வெளியானது. அவ்வாண்டின் இறுதியில் ஃபியோதரொவ் மறைந்தார். அவரது எழுத்துகளைச் சீடர்கள் தொகுத்து, 1906 இல் முதல் தொகுதியை 480 பிரதிகள் அச்சிட்டனர். விற்பனைக்கு அல்ல என்று குறித்து இலவசமாகவே வழங்கினர்.

ரஷ்யப் புரட்சிக்குப் பின்னர் இக்கனவு வேறு உருவில் தொடர்ந்தது. போல்ஷெவிக் தலைவர்களுள் ஒருவராக இருந்த அலெக்சாந்தர் பொக்தானொவ், 1908 இல் செவ்வாய்க் கிரகம் பற்றி எழுதிய நாவலில், அங்குள்ளோர் ஒருவருக்கொருவர் குருதியைப் பரிமாறி ஆயுளை நீட்டுவதாகக் கற்பனை செய்தார். பின்னர் 1926 இல் மொஸ்கோவில் குருதி மாற்றுக்கென ஒரு நிறுவகத்தையே அமைத்து, அதனைத் தம் உடலிலேயே சோதித்தார். 1928 இல் நோயுற்றிருந்த மாணவன் ஒருவனோடு குருதியைப் பரிமாறிக்கொண்டு இறந்தார். மாணவன் பிழைத்துக்கொண்டான். 1924 இல் லெனின் மறைந்தபோது அவரது உடலைக் குளிரூட்டிக் காக்கலாம் என்று முன்மொழிந்தவர் பொறியியலாளரான லியொனித் கிராசின். அம்முயற்சி கைகூடாமல் இரசாயன முறை கைக்கொள்ளப்பட்ட கதை பலரும் அறிந்ததே.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். 1931 ஜூலையில் 'அமேசிங் ஸ்ரோறிஸ்' என்ற மலிவு விலைச் சஞ்சிகையில் நீல் ஆர். ஜோன்ஸ் என்பவர் ஒரு கதை எழுதினார். ஜேம்சன் என்ற பேராசிரியர், தாம் இறந்ததும் தமது உடலை றொக்கெட்டில் ஏற்றிப் பூமியைச் சுற்றும்படி விட ஏற்பாடு செய்கிறார். நான்கு கோடி ஆண்டுகளின் பின்னர், உலோக உடல் கொண்ட வேற்றுலகவாசிகள் அதனைக் கண்டெடுத்து, அவரது மூளையை இயந்திர உடலொன்றில் பொருத்தி எழுப்புகின்றனர். இக்கதையை 12 வயதில் படித்தவன் றொபேட் எற்றிங்கர். கதையில் உயிர்ப்பித்தல் ஒரு தற்செயலாகவே நிகழ்கிறது. வேற்றுலகவாசிகள் வரும்வரை காத்திருப்பானேன், அதனை நாமே செய்யலாமே என்று அந்தச் சிறுவன் எண்ணினான்.

எற்றிங்கர் இரண்டாம் உலகப் போரில் படுகாயமுற்று நீண்டகாலம் வைத்தியசாலையில் கிடந்தார். உயிரணுக்களைக் கிளிசரோல் சேர்த்து உறையவைத்துக் காக்கலாம் எனப் பிரெஞ்சு உயிரியலாளர் ஜோன் றொஸ்ரான்ட் கண்டதை அக்காலத்தில் அறிந்தார். யாராவது பெரிய விஞ்ஞானி இதனை மேலே கொண்டுசெல்வார் எனப் பல ஆண்டுகள் காத்திருந்துவிட்டு, மிச்சிகனில் பௌதிகவியல் ஆசிரியராக இருந்த நிலையில் தாமே ஒரு நூலை எழுதி 1962 இல் சொந்தச் செலவில் வெளியிட்டார். 1964 இல் ஒரு பெரிய பதிப்பகம் அதனை வெளியிட்டது. கிரையோனிக்ஸ் எனப்படும் இயக்கம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

'லைஃப்' சஞ்சிகையில் இடமிழந்த மனிதர் ஜேம்ஸ் பெட்ஃபோர்ட், உளவியல் பேராசிரியர். 1967 ஜனவரி 12 ஆம் திகதி 73 வயதில் புற்றுநோயால் இறந்தார். உறையவைத்தவர்கள் கலிபோர்னியாவின் சிறு சங்கமொன்றைச் சேர்ந்தவர்கள். அதன் தலைவர் றொபேட் நெல்சன் தொலைக்காட்சிப் பெட்டி திருத்துபவர். தொழிலைக் குறைத்துச் சொல்வதற்காக இதனைக் குறிப்பிடவில்லை. வைத்திய உலகம் இதில் கைவைக்க மறுத்த நிலையில் யார் முன்வந்தார்கள் என்பதைக் காட்டவே சொல்கிறேன்.

அதன்பின் நடந்ததுதான் இவ்வரலாற்றின் இருண்ட பகுதி. நெல்சன் மேலும் சிலரது உடல்களைப் பொறுப்பேற்று, லொஸ் ஏஞ்சல்ஸ் அருகேயுள்ள சற்ஸ்வேர்த் மயானத்தில் நிலக்கீழ் அறையொன்றில் உலோகக் கலன்களில் வைத்தார். அவர்களுள் கனடாவிலிருந்து பெற்றோரால் கொண்டுவரப்பட்ட ஒரு சிறுமியும் அடக்கம். திரவ நைதரசன் ஆவியாகிக்கொண்டே இருக்கும், ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். அதற்குப் பணம் வேண்டும். முதலில் கொடுத்த உறவினர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினர். கலன்கள் பழுதடைந்தன. ஒன்பது உடல்கள் உருகி அழுகின. தம் தாயோ மகளோ உறைந்தபடி இருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்த உறவினருக்கு உண்மை சொல்லப்படவில்லை. 1979 இல் விடயம் வெளியே வந்தது. 1981 இல் நீதிமன்றம் நெல்சனுக்கு எதிராகத் தீர்ப்பளித்துப் பெருந்தொகை இழப்பீடு விதித்தது. தாம் நல்லெண்ணத்தோடு செய்தேன் என்றே நெல்சன் கடைசிவரை கூறிவந்தார். அவரது நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் பணம் தீர்ந்த அன்றே அந்தப் பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுத எவ்வளவு செலவாகியிருக்கும்?

1973 க்கு முன்னர் உறையவைக்கப்பட்டோருள் இன்று எஞ்சியிருப்பவர் பெட்ஃபோர்ட் மட்டுமே. அவர் எஞ்சியது ஒப்பந்தத்தாலோ விஞ்ஞானத்தாலோ அல்ல. அவரது மனைவியும் மகனும் அவ்வுடலை நெல்சனின் நிலவறைக்குப் போகவிடவில்லை. ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருந்தனர். ஆராய்ச்சிக்கென அவர் விட்டுச்சென்ற பணத்தின் பெரும்பகுதி வழக்குகளிலும் பராமரிப்பிலும் கரைந்தது. தனியார் சேமிப்புக் கிடங்கொன்றில் வைத்துக் குடும்பத்தாரே திரவ நைதரசனை நிரப்பிவந்த காலமும் உண்டு. 1982 இல் அல்கோர் நிறுவனம் பொறுப்பேற்றது. 1991 இல் கலனைத் திறந்து பார்த்தபோது, 1967 இல் வைத்த பனிக்கட்டித் துண்டுகளின் விளிம்புகள் கூர்மை மாறாமல் இருந்தன. அதாவது, இடையில் ஒருமுறையேனும் உருகவில்லை. ஃபியோதரொவ் மகன்மாரிடம் கேட்டது இதைத்தான். எற்றிங்கரும் 1977 இல் முதலில் தமது தாயைத்தான் உறையவைத்தார். பின்னர் தமது மனைவியர் இருவரையும். 2011 இல் 92 வயதில் அவரும் அதே நிலையத்தில் சேர்க்கப்பட்டார்.

எனினும் இரு கனவுகளுக்குமிடையே பெரும் வேறுபாடு இருக்கிறது. இறந்தோரை விட்டுவிட்டு உயிரோடிருக்கும் தலைமுறை மட்டும் சாகாவரம் பெறுவது அறமற்ற செயல் என்றார் ஃபியோதரொவ். அமெரிக்கக் கனவில் தந்தையர் குலம் முழுவதும் இல்லை; காப்புறுதிப் பத்திரம் எழுதியவர் மட்டுமே இருக்கிறார். அல்கோரில் முழு உடலுக்கான கட்டணம் இரண்டு இலட்சம் டொலருக்கு மேல். எற்றிங்கர் நிறுவிய மிச்சிகன் நிலையத்தில் 28,000 டொலர். இரண்டிலும் தலா இருநூறுக்கு மேற்பட்டோர் -196 பாகை செல்சியஸில் வைக்கப்பட்டுள்ளனர். எவரும் எழுந்ததில்லை, எழுப்பும் வழியும் எவருக்கும் தெரியாது. இதுவரை கண்ட முன்னேற்றம் சிறியது, ஆனால் உண்மையானது. கண்ணாடிபோல் உறையவைத்த முயலின் சிறுநீரகம் மீளப் பொருத்தப்பட்டு இயங்கியது 2009 இல் அறிவிக்கப்பட்டது. நூறு நாள்வரை அவ்வாறு வைத்திருந்த எலிகளின் சிறுநீரகங்கள் பொருத்தப்பட்டு இயங்கியது 2023 இல். சிறுநீரகத்திலிருந்து மூளைக்குள்ள தூரத்தை நான் சொல்லத் தேவையில்லை.

விண்வெளிக்கு இது பயன்படுமா? மிக அருகிலுள்ள விண்மீன் 4.2 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. 1977 இல் புறப்பட்ட 'வொயேஜர் 1' செக்கனுக்கு 17 கிலோமீற்றர் வேகத்தில் செல்கிறது. அவ்வளவு தூரத்தைக் கடக்க அதற்கு ஏறக்குறைய 75,000 ஆண்டுகள் வேண்டும். உறைந்த உடலுக்குக் காலம் இல்லை, எனவே கவலையில்லை என்பர். காலம் உண்டு. நமது உடலிலேயே இயற்கையான கதிரியக்கப் பொற்றாசியம் இருக்கிறது. அது ஆண்டுக்கு ஏறக்குறைய 0.17 மில்லிசீவேட் கதிர்வீச்சைத் தருகிறது. உயிருள்ள கலங்கள் அச்சேதத்தை அவ்வப்போது திருத்திக்கொள்கின்றன. உறைந்த கலம் எதையும் திருத்தாது. 75,000 ஆண்டுகளில் அது 12 சீவேட்டைத் தாண்டிவிடும். ஒரே தடவையில் அதில் பாதியைப் பெற்றாலே மனிதர் பெரும்பாலும் இறந்துவிடுவர். வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்களை இக்கணக்கில் நான் சேர்க்கவேயில்லை. ஜேம்சனின் நான்கு கோடி ஆண்டுகள் கதையில்தான் சாத்தியம்.

ஆகவே விண்வெளி ஆய்வாளர்கள் உறைபனியை விட்டுக் கரடியிடம் பாடம் கேட்கின்றனர். கரடி மாரி முழுவதும் உண்ணாமல் உறங்கினாலும் அதன் உடல் வெப்பம் சில பாகைகளே குறைகிறது. தசையும் பெரிதாகத் தேய்வதில்லை. செவ்வாய்க்குப் போகும் ஆறேழு மாதங்களுக்கு மனிதரை 32 முதல் 34 பாகை வெப்பத்தில் துயிலவைக்கும் திட்டமொன்றை ஆராய நாசா 2013 இல் ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு நிதியளித்தது. விழித்திருந்தே 437 நாள்களை ஒரே பயணத்தில் விண்வெளியில் கழித்தவர் ரஷ்ய வைத்தியர் வலேரி பொல்யாகொவ். அது 1994 - 95 இல். ஆளைத் துயிலவைத்தால் உணவும் இடமும் மிச்சம். நிறுத்துப் பார்த்துச் செய்யவேண்டிய சிக்கனம் அது. சாகாவரத்தோடு அதற்குத் தொடர்பில்லை.

அத்துயிலை உலகத்தின் கண்முன் நிறுத்தியவர் கொழும்புவாசியான ஆர்தர் சி. கிளார்க். 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த அவர், ஸ்ரான்லி கூப்ரிக்கோடு சேர்ந்து எழுதி 1968 இல் வெளிவந்த '2001' திரைப்படத்தில், வியாழனுக்குச் செல்லும் கலத்தில் மூன்று விஞ்ஞானிகள் துயிலில் இருப்பர். கலத்தின் கணினி அவர்களைத் துயிலிலேயே கொன்றுவிடும். சற்ஸ்வேர்த்தில் காவலர் கைவிட்டபோது நடந்ததும் ஏறக்குறைய அதுதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 1997 இல் எழுதிய '3001' நாவலில் கிளார்க் ஒருபடி மேலே போனார். கணினியால் கொல்லப்பட்டு விண்வெளியில் மிதந்த ஃபிராங்க் பூல் ஆயிரம் ஆண்டுகளின் பின்னர் கண்டெடுக்கப்பட்டு உயிர்பெறுகிறான். 1980களின் பிற்பகுதியில் அல்கோர் நிறுவனம் கலிபோர்னியச் சுகாதாரத் திணைக்களத்தோடு வழக்காடியபோது, அந்நிறுவனத்துக்கு ஆதரவாகக் கடிதம் எழுதியவரும் அவரே.

அவர் 2008 மார்ச் 19 ஆம் திகதி, 90 வயதில் கொழும்பில் காலமானார். தமது உடலுக்கு உறைபனி எதையும் அவர் கேட்கவில்லை. எந்தச் சமயச் சடங்கும் வேண்டாம் என்று எழுதிவைத்திருந்தார். அவ்வாறே, பொரளை கனத்தை மயானத்தில் புதைத்தனர்.