திருமுக்கூடல் ஆதுலர்சாலையில் இரு பெண்களின் ஊதியம்: எண்ணப்படாத ஓய்வின் வரலாறு

திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் உள்ள சோழ மன்னன் வீரராசேந்திரனின் கல்வெட்டை வரலாற்றாசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி, கல்விக்கும் மருத்துவத்துக்கும் அளிக்கப்பட்ட கொடையின் சான்றாக எடுத்தாள்கிறார். பதினைந்து படுக்கை, ஒரு மருத்துவர், ஒரு அறுவை மருத்துவர், மருந்துச் சரக்கும் விறகும் கொண்டுவர இருவர், நோயாளிகளைப் பேண இரு பெண்கள் என அவர் தரும் பட்டியலில் பிழையில்லை. பின்னால் எழுதியோர் பலர் அதை அப்படியே வழிமொழிந்து, சோழர் கால மருத்துவமனையின் ஒழுங்கைப் பாராட்டுவதோடு நின்றுவிடுகின்றனர். பட்டியலை ஏற்கிறேன், அந்தப் பாராட்டை முழுமையாக ஏற்க இயலவில்லை. கொடுத்தவர் பக்கமிருந்து படித்தால் அது கொடை. உழைத்தவர் பக்கமிருந்து படித்தால் அது சம்பளப் பதிவேடு. சாஸ்திரியின் வாசிப்பில் இரண்டாவது பக்கம் திறக்கப்படவேயில்லை.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் திருமுக்கூடல். கல்வெட்டின் காலம் பொ.ஆ. 1068 வாக்கில் எனலாம். ஆட்சியாண்டைக் கணக்கிடும் முறையைப் பொறுத்து ஓராண்டு முன்பின் ஆகக்கூடும்.

ஆண்டு ஊதியம் இவ்வாறு அமைகிறது. மருத்துவருக்கு 90 கலம் நெல், 8 காசு. அறுவை மருத்துவருக்கு 30 கலம். மருந்துச் சரக்குக் கொணரும் இருவருக்குச் சேர்த்து 60 கலம், 2 காசு. பெண்கள் இருவருக்குச் சேர்த்து 30 கலம், 1 காசு. 360 நாளுக்கு வகுத்தால் மருத்துவருக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி, சரக்குக் கொணர்பவருக்கு ஒரு குறுணி, பெண்ணுக்கு நான்கு நாழி, அதாவது அரைக் குறுணி. மருத்துவரோடு ஒப்பிடுவதில் எச்சரிக்கை வேண்டும். அவர் பதவி பரம்பரைக் காணி. அந்த நெல் ஒரு குடும்பத்துக்கே உரியதாக இருக்கலாம். சரக்குக் கொணர்பவருக்கு அந்த விளக்கம் பொருந்தாது. விறகு சுமந்தவர் பெற்றதில் பாதியே நோயாளியைப் பேணியவருக்குக் கிடைத்தது.

பாதி ஊதியம் பாதிநாள் வேலையைக் குறிக்கலாமே என்று மறுக்கலாம். கல்வெட்டில் இதற்கு நேர்விடை இல்லை. ஆயினும் ஆதுலர்சாலை எனப்பட்ட அந்த மருத்துவமனையில் இரவு எரிய ஒரு விளக்குக்கும் கொடையில் வழி செய்யப்பட்டுள்ளது. இரவெல்லாம் விளக்கு எரிந்தது நோயாளிகள் இருந்ததால்தான். அவர்களைப் பார்த்துக்கொள்ள இந்த இருவரைத் தவிர வேறு எவரும் பட்டியலில் இல்லை. மாற்றாளுக்கும் நெல் ஒதுக்கப்படவில்லை. ஒருவர் பகல், ஒருவர் இரவு என்று முறை வைத்துக்கொண்டிருந்தாலும் ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வருகிறது, அதுவும் ஆண்டு முழுவதும். இது ஊகம்தான், ஆனால் பாதிநாள் வேலை என்பதைவிடச் சான்றுக்கு நெருங்கிய ஊகம்.

இன்னொரு விவரம் இதற்கு வலுச் சேர்க்கிறது. அதே கொடையில் வேதம் பயின்ற மாணவர்களின் சனி நீராட்டுக்கு எண்ணெய் எண்ணி ஒதுக்கப்பட்டுள்ளது. வாரத்தில் ஒருநாளைத் தனியே கணக்கிடத் தெரிந்த நிர்வாகம் அது. அந்தக் கணக்கு ஆதுலர்சாலைப் பெண்கள்வரை நீளவில்லை. ஆகவே ஊதியம் ஆளுக்கு அளக்கப்பட்டது, நேரத்துக்கு அளக்கப்படவில்லை என்றே கொள்கிறேன்.

அங்கிருந்து இன்றைய வார்டுக்கு நேர்க்கோடு இழுக்க முடியாது. இடையில் ஆங்கிலேயர் காலப் பயிற்சிச் செவிலியர் முறை புதிதாக வந்து சேர்ந்தது. ஆளுக்கு அளக்கும் முறைமட்டும் தொகுப்பூதியமாகத் திரும்பியிருக்கிறது. 2015 முதல் தமிழக அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் செவிலியரை மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் எடுத்தது; இரண்டாண்டில் நிரந்தரம் என்பது வாக்குறுதி. 2017 நவம்பரில் அதைக் கேட்டு அவர்கள் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்குநரகம் உள்ள டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டனர். 2025 டிசம்பரிலும் ஒப்பந்தச் செவிலியர் போராடினர். அந்தப் போராட்டம் செங்கல்பட்டு மாவட்டத்துக் கிளாம்பாக்கத்திலும் தொடர்ந்தது.

மாதத்துக்கு ஒரே தொகை என்றால் ஷிப்ட் முடிந்தபின் செய்யும் வேலைக்கு விலை இல்லை. அடுத்த டியூட்டிக்காரர் வரும்வரை காத்திருப்பதும், கேஸ் ஷீட் எழுதி முடிப்பதும், சாப்பிடாமல் மருந்து ரவுண்டு போவதும் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. இந்திய நர்சிங் கவுன்சில் போதனா மருத்துவமனைகளுக்கு மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர் என்கிறது. செவிலியர் எண்ணிக்கை அதற்குக் கீழே குறையும்போது முதலில் பறிபோவது உணவு இடைவேளை. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் செவிலியர் பற்றிய 1977ஆம் ஆண்டு 157ஆம் பரிந்துரை, பணியிடை ஓய்வை வேலை நேரத்துக்குள்ளேயே எண்ண வேண்டும் என்கிறது. அதனோடு வந்த 149ஆம் உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.

திருமுக்கூடல் கல்வெட்டைப் பெருமைக்குச் சான்றாகக் காட்டுவோர் அதன் ஊதிய வரிகளையும் சேர்த்துக் காட்ட வேண்டும். அரசு அந்த உடன்படிக்கையை ஏற்க வேண்டும்; செவிலியர் டியூட்டி முடித்துப் புறப்படும் நேரமும் உண்ட நேரமும் வருகைப் பதிவேட்டில் ஏற வேண்டும்; கூடுதல் நேரத்துக்குக் கூலி தரவேண்டும்.